புதிய கழகங்களுக்கு அயல்நாட்டு வீரர் சலுகை: நடுவுநிலை எது?

தளவானூர் என்றவுடன் கற்றறிந்தோர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சத்துருமல்லேசுவரம் என்னும் குடைவரைக் கோயிலே ஆகும். செஞ்சிக் கோட்டையைக் காண வருவோருள் சிலரேனும் அக்குன்றையும் கண்டு செல்வர். நாம் இம்மலருக்கு எழுதப் புகுந்தது அக்குன்றைப் பற்றியன்று. அறுவடை முடிந்த வயலைச் சமன்செய்து, இருபுறமும் மூங்கிற் கழிகளை நட்டு, பொங்கல் விடுமுறையில் அப்பகுதி இளைஞர்கள் ஆடும் எழுவர் கால்பந்தாட்டத்தில் எழுந்த ஒரு வழக்கைப் பற்றியே எழுதுகின்றோம்.

வழக்கு இதுதான். ஓர் அணியில் வெளியூர் ஆட்டக்காரர் இருவர் வரை ஆடலாம் என்பது அங்கு நெடுநாளைய விதி. புதிதாகச் சேர்ந்த அணியொன்று தனக்கு நால்வர் வேண்டும் என்று கேட்டது. போட்டியை நடத்தும் பெரியவர், “எல்லாருக்கும் ஒரே அளவுதானே தம்பி, இதில் என்ன குறை?” என்றார். அந்த அணியின் தலைவன், கல்லூரியில் முதலாண்டு பயிலும் மாணவன், “பெரியப்பா, அவங்க பத்து வருசமா ஆடுறாங்க. நாங்க பந்து வாங்கியே பத்து மாசம்தான் ஆகுது” என்றான். பெரியவர் விதியைத் தளர்த்தவில்லை. புதிய அணி ஆறு கோல் வாங்கி வெளியேறியது. கரையில் நின்ற நமக்கு இருவர் கூற்றிலும் உண்மை இருப்பதாகவே பட்டது. அன்று தொடங்கிய எண்ணம் இக்கட்டுரையாக விரிகின்றது.

வயல்வெளியில் எழுந்த இதே வினா, கோடிகள் புழங்கும் இந்தியக் கால்பந்திலும் எழுந்துள்ளது. அங்கே வெளியூர் என்பதற்கு மாறாக வெளிநாடு என்று கொள்க. புதிதாகக் களம்புகும் கழகத்துக்கும், நூறாண்டு கண்ட கழகத்துக்கும் அயல்நாட்டு வீரர் எண்ணிக்கையில் ஒரே வரம்பு வைப்பது முறையா? புதியவர்க்குக் கூடுதல் இடம் அளிப்பது முறையா?

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடல் வேண்டும். அயல்நாட்டார் என்ற அளவிலேயே எவரையும் வெறுத்தொதுக்கும் நோக்கம் நமக்கில்லை. இந்தியக் கால்பந்து மெய்யான கலைஞராகக் கண்டு வியந்த முதல் அயல்நாட்டவருள் ஒருவர் ஈரானைச் சேர்ந்த மஜீத் பிஷ்கர். அவரும் அவருடைய தோழர் ஜம்ஷீத் நசீரியும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்தவர்கள். 1980இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம் அவர்களை அழைத்துக்கொண்டது. பின்னர் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்திலும் ஆடினர். ஒரு கல்லூரித் திடலிலிருந்து சென்ற அயலவர் என்பதனால் கல்லூரி மலரில் அவர் பெயரைக் குறிப்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி. செஞ்சிப் பகுதியினராகிய நமக்கோ அயலவரைத் தமராக்கிக் கொள்வது புதிதன்று. 1714இல் போர்க்களத்தில் மாண்ட தேசிங்கு ராஜன் வடபுலத்துப் புந்தேல மரபினன். நாட்டுப்பாடல் பாடுவோர் அவனையும் அவனுக்காக உயிரீந்த இஸ்லாமிய நண்பனையும் இம்மண்ணின் மைந்தராகவே பாடி வருகின்றனர்.

ஆகவே நம் வினா அயலவர் வேண்டுமா, வேண்டாவா என்பதன்று. எத்தனை பேர், யாருக்கு, எதன்பொருட்டு என்பதே.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது அதன் எட்டுக் கழகங்களும் புதியவை. அந்நிலையில் களத்திலிறங்கும் பதினொருவருள் அறுவர் வரை அயல்நாட்டவராக இருக்கலாம் என விதித்தனர். இந்தியர் ஐவர் இருந்தால் போதும். சென்னைக்கு மார்க்கோ மத்தராசியும் எலானோவும் வந்தனர். டெல்லிக்கு அலெசாண்ட்ரோ டெல் பியரோ வந்தார். உலகக் கோப்பையில் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் கண்ட முகங்களை நேரு விளையாட்டரங்கில் காண நம் மாணவர்கள் கடன் வாங்கியும் பேருந்தேறினர். அது ஒருவகையில் புதிய கழகங்களுக்கு அளிக்கப்பட்ட சலுகையே என்று நாம் கருதுகின்றோம். வேரூன்றாத கழகத்துக்குக் கூட்டம் சேர்க்க விளம்பர முகம் தேவைப்பட்டது. பின்னர் 2017-18இல் அவ்வெண்ணிக்கை ஐந்தாயிற்று, 2021-22இல் நான்காயிற்று. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு அந்நாளில் வைத்திருந்த மூன்றுடன் ஓர் ஆசியர் என்னும் விதிக்கு இயைய அது குறைக்கப்பட்டது. ஆசியக் கூட்டமைப்போ 2024-25 முதல் தன் தலையாய கழகப் போட்டியில் அந்த வரம்பையே நீக்கிவிட்டது. நாம் பின்பற்றிய வழிகாட்டி வழியை மாற்றிக்கொண்டு போய்விட்டார் என்று இதனைச் சொல்லலாம்.

புதிய கழகங்களுக்குக் கூடுதல் அயல்நாட்டு இடம் வேண்டும் என்போர் கூறும் காரணங்கள் புறந்தள்ளத்தக்கன அல்ல. தேர்ந்த இந்திய வீரர்கள் மிகச் சிலரே. அவர்களைப் பழைய கழகங்கள் நெடுநாள் ஒப்பந்தத்தில் பிணைத்து வைத்துள்ளன. எஞ்சியோரைக் கொண்டு புதியவர் அணி அமைத்தல் வேண்டும். உள்நாட்டில் நல்ல முன்கள வீரரைப் பெறுவதைவிட, அயல்நாட்டின் இரண்டாம் மூன்றாம் நிலைப் போட்டிகளில் ஆடும் ஒருவரைப் பெறுவது செலவு குறைந்ததாகவும் அமைவதுண்டு. எனவே கூடுதலாக ஒரிருவரை அனுமதித்தால் மேடு பள்ளம் சமமாகும் என்பது அவர்தம் வாதம். தளவானூர் மாணவன் கேட்டதும் அதுவே.

இவ்வாதத்தை உரைத்துப் பார்க்கத் தமிழகத்திலேயே ஓர் உரைகல் உண்டு. அது சென்னை சிட்டி கழகம்.

அக்கழகம் 2016இன் இறுதியில் அனுமதி பெற்று, 2017 ஜனவரியிலேயே ஐ-லீக்கில் ஆட இறங்கியது. அணியைத் திரட்டக் கிடைத்தவை சில கிழமைகளே. முதலிரண்டு பருவங்களிலும் பட்டியலின் கீழ்ப்பாதியில் உழன்றது. அந்நாளில் அதன் நடுக்களத்தில் ஒளிர்ந்தவர் குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ். 2018இல் அவரும் சூப்பர் லீக்கின் ஜாம்ஷெட்பூர் கழகத்துக்குச் சென்றுவிட்டார். கண்டெடுத்து வளர்ப்பது சிறிய கழகம், பயன் கொள்வது பெரிய கழகம் என்னும் வழக்கம் உலகெங்கும் உள்ளதே. எனினும் நமக்குக் கொஞ்சம் வலித்தது.

அதன்பின் நிகழ்ந்ததே வியப்பு. சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், ஸ்பெயின் நாட்டுக் கீழ்நிலைப் போட்டிகளிலிருந்து பெயர் பெறாத வீரர் சிலரை வரவழைத்தார். பெத்ரோ மன்சி, நெஸ்டர் கோர்தில்யோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபெர்ட்டோ எஸ்லாவா ஆகியோர் அவருள் அடங்குவர். அவர்களைச் சூழ எட்வின் சிட்னி, அலெக்சாண்டர் ரொமாரியோ, அஜித் குமார் முதலிய தமிழக இளைஞரையும், மலப்புறத்தைச் சேர்ந்த மஷூர் ஷெரீபையும் நிறுத்தினார். மன்சி அப்பருவத்தில் 21 கோல் அடித்து, கோல் பட்டியலின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். 2019 மார்ச் 9இல் கோவை நேரு விளையாட்டரங்கில் இறுதி ஆட்டம். வென்றாலன்றி ஈஸ்ட் பெங்கால் முந்திவிடக்கூடிய நிலை. மினர்வா பஞ்சாப் முதலில் கோல் அடித்துவிட்டது. பெனால்டி உதையால் மன்சி அதனைச் சமன்செய்தார். எஞ்சிய இரு கோல்களையும் அடித்தவர் ஸ்பானியர் எவருமல்லர். கௌரவ் போரா என்னும் இந்தியப் பின்கள வீரர். 3-1 என்று வென்று, 43 புள்ளிகளுடன், ஒரே ஒரு புள்ளி முந்தி, சென்னை சிட்டி வாகை சூடியது.

இதில் நாம் உன்னி நோக்க வேண்டியது யாது? அவ்வெற்றிக்குக் கூடுதல் ஒதுக்கீடு எதுவும் தேவைப்படவில்லை. மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் இருந்த அதே வரம்புதான் சென்னை சிட்டிக்கும். வேறுபட்டது தெரிவு. அவ்வயலவர் பக்கத்தில் நின்று ஆடியதால் உள்ளூர் இளைஞர் உயர்ந்தனர் என்பதே அவ்வணியின் உண்மைச் சிறப்பு. எட்வின் சென்னையின் எப்.சி.க்குச் சென்றார், ரொமாரியோ சூப்பர் லீக்கில் இடம் பெற்றார், மஷூர் ஷெரீப் 2021இல் இந்திய அணிக்கே ஆடினார். நான்கு அயலவரிடமிருந்து நால்வர் கற்றனர் என்று சொன்னால் மிகையாகாது. அவ்விடங்களில் இன்னும் இரு அயலவரை நிரப்பியிருந்தால் அவ்விருவருக்குப் பதிலாகக் கரையில் அமர்ந்திருக்க வேண்டியவர் யார் என்று வாசகர் எண்ணிக் கொள்க.

கதையின் பிற்பகுதியையும் மறைத்தல் ஆகாது. 2019இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் 26 விழுக்காட்டுப் பங்கு வாங்கிற்று என்று கொண்டாடினோம். 2020இல் மன்சி ஜப்பானுக்குச் சென்றார். சில ஆண்டுகளில் கழகமே ஐ-லீக் களத்தில் இல்லாது போயிற்று. வாகை சூடிய கழகத்தைக் காக்காமல் விட்டது அயல்நாட்டு வீரர் விதியா? அன்று. கருவூலமும் நிர்வாகமும் வேறு கதை. ஒதுக்கீட்டைக் கூட்டினால் புதிய கழகம் பிழைத்துவிடும் என்போர் இதனையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

வேறு சான்றுகளும் இதே பக்கம் பேசுகின்றன. பெங்களூரு எப்.சி. 2013இல் தோன்றி, முதற் பருவத்திலேயே ஐ-லீக்கை வென்றது. அதன் முன்களத்தை நடத்தியவர் சுனில் சேத்திரி என்னும் இந்தியர். ஐதராபாத் எப்.சி. 2019-20இல் கடைசி இடம். ஆகாஷ் மிஸ்ரா, ஆசிஷ் ராய், முகமது யாசிர் போன்ற இளைஞரை நம்பி வளர்ந்து, அயலவர் வரம்பு நான்காகக் குறைந்த அதே 2021-22 பருவத்தில் அக்கழகம் கோப்பையைக் கைப்பற்றியது. இறுதியாட்டத்தின் பெனால்டி உதைகளில் மூன்றைத் தடுத்தவர் இந்தியக் கோல்காப்பாளர் இலட்சுமிகாந்த் கட்டிமணி. அவ்வணியிலும் ஓக்பெச்சே என்னும் நைஜீரியர் 18 கோல் அடித்தார் என்பதையும் ஒளிக்காமல் கூறுகின்றோம். நல்ல அயலவர் ஒருவர், நடுத்தர அயலவர் மூவரினும் மேல்.

முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தைக் குறிக்காது இதனை முடித்தல் இயலாது. நம் பெரியோர் பலர்க்கு அப்பெயர் கேட்ட மாத்திரத்தில் முகம் மலரும். வெள்ளையர் ஆட்சியில் கொல்கத்தா லீக்கின் முதற்பிரிவில் 1920களின் நடுப்பகுதிவரை இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் இடமில்லை. அன்று சொந்த மண்ணிலேயே ஒதுக்கீட்டு விதி நமக்கு எதிராக இருந்தது. 1934இல் முதற்பிரிவுக்கு உயர்ந்த முகமதன், பெங்களூர் முதலிய தொலைவிடங்களிலிருந்தும் வீரரைத் திரட்டி, உயர்ந்த அவ்வாண்டிலேயே வாகை சூடி, 1938 முடியத் தொடர்ந்து ஐந்தாண்டு அதனை விடாது வைத்திருந்தது. அந்த லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. அதே கழகம் 2023-24 ஐ-லீக்கை வென்று சூப்பர் லீக்குக்கு உயர்ந்தபோது, 2024-25இல் பதின்மூன்று அணிகளுள் பதின்மூன்றாவதாக முடிந்தது. ஊதிய நிலுவை பற்றிய செய்திகளை அப்பருவத்தில் நாளேடுகளில் படித்தோம். இருக்கும் வீரர்க்கே ஊதியம் தடுமாறும் கழகத்துக்கு, இன்னும் இரு அயல்நாட்டவரை அமர்த்திக்கொள்க என்று அனுமதித் தாள் கொடுப்பதனால் பயன் என்ன? ஒதுக்கீடு என்பது செலவழிக்க இசைவு மட்டுமே; அது பொருளன்று. கூடுதல் இசைவினால் ஆதாயம் பெறுவது செல்வர் வீட்டுப் புதிய கழகமே. ஏழை வீட்டுப் புதிய கழகம் முன்னிருந்தபடியே இருக்கும். புதியவர்க்கும் பழையவர்க்கும் இடையே சமன்செய்யப் புறப்பட்ட சலுகை, புதியவருக்குள்ளேயே புதிய மேடு ஒன்றை எழுப்பிவிடும்.

இனி, களத்தில் எந்த இடத்தை அயலவர் நிரப்புகின்றனர் என்பது எண்ணிக்கையினும் பெரிய செய்தி. எல்லாக் கழகங்களும் பணம் கொட்டி அயலவரை வைப்பது நடு முன்களத்திலும், நடுக்களத்தின் நெஞ்சிலும், நடுப் பின்களத்திலுமே. இந்தியர் ஓரங்களுக்குத் தள்ளப்படுகின்றனர். 2018 மார்ச் 17இல் சென்னையின் எப்.சி. பெங்களூருவை 3-2 என வென்று இரண்டாம் முறை கோப்பை பெற்றபோது நாம் இங்கே பட்டாசு கொளுத்தினோம். அம்மூன்று கோல்களையும் அடித்தவர் பிரேசில் நாட்டினர் என்பதை அன்று எண்ணிப் பார்க்கவில்லை. விளைவு பின்னர்த் தெரிந்தது. 2024 ஜூனில் சேத்திரி ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஆள் கிடைக்காமல், 2025 மார்ச்சில், நாற்பது வயதில் அவரையே திரும்ப அழைத்தனர். அவரும் வந்து மாலத்தீவுக்கு எதிராகக் கோல் அடித்தார். அவரைப் போற்றுகின்றோம், நம்மை நோக்கி நாணுகின்றோம்.

இந்நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் உறவினர் பலர் பணிபுரியும் சவுதி அரேபியாவில் ரொனால்டோ முதலியோர் குவிந்தபின், 2024-25இல் கழகமொன்றுக்கு அயலவர் பதின்மர் என வரம்பு உயர்ந்தது. அந்நாட்டு அணியின் அப்போதைய பயிற்சியாளர் மான்சினி, தம் வீரர்கள் கழகங்களில் ஆட இடமின்றிக் கரையில் அமர்ந்திருக்கின்றனர் என்று வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். எண்ணெய்ச் செல்வம் உள்ள நாட்டுக்கே அந்நிலை.

அப்படியாயின் தளவானூர் மாணவனின் முறையீட்டுக்கு விடை இல்லையா? உண்டு. அவன் கேட்ட மருந்து பிழையே தவிர, அவன் சொன்ன நோய் உண்மை. புதிய அணிக்கு இல்லாதது அயலவர் அல்லர்; பழகிய உள்ளூர் ஆட்டக்காரர். அதனைக் கொடுக்க வழி இருக்கின்றது. கிரிக்கெட்டில் 2022இல் குஜராத், லக்னோ என்னும் இரு புதிய அணிகள் ஐ.பி.எல். போட்டியில் சேர்ந்தபோது, களத்தில் அயலவர் நால்வர் என்னும் வரம்பு அவர்க்கும் மாறவில்லை. ஆனால் பொது ஏலத்துக்கு முன்பே மூவரைத் தெரிந்துகொள்ள உரிமை அளித்தனர். அம்மூவருள் அயலவர் ஒருவருக்கு மேல் கூடாது. குஜராத் அவ்வுரிமையால் ஹர்திக் பாண்டியாவையும் சுப்மன் கில்லையும் ரஷீத் கானையும் பெற்று முதலாண்டே கோப்பையை வென்றது. அமெரிக்கப் பெருங்கால்பந்து லீக்கிலும் அயலவர் இடம் கழகத்துக்கு எட்டு என்பதே பொது அளவு. புதிய கழகம் சேரும்போது, பழைய கழகங்கள் காத்துக்கொள்ளும் பட்டியலுக்கு வெளியே உள்ள வீரருள் சிலரைத் தெரிந்தெடுக்க அதற்கு உரிமை தருகின்றனர். 2017இல் சேர்ந்த அட்லாண்டா இம்முறையில் அணி அமைக்கத் தொடங்கி, தென்னமெரிக்க இளைஞரையும் வாங்கி, 2018இலேயே வென்றது.

இந்தியக் கால்பந்து இவ்வழியில் எண்ணுதல் நலம். உயர்ந்து வரும் கழகத்துக்கு, பழைய ஒவ்வொரு கழகமும் தன் காப்புப் பட்டியலுக்கு வெளியே உள்ள இந்திய வீரர் சிலரைத் திறந்து வைக்கட்டும். அவர்தம் முதலாண்டு ஊதியத்தில் ஒரு பகுதியை லீக் ஏற்கட்டும். அணி திரட்டச் சில கிழமைகளுக்கு மாறாக ஆறு திங்களேனும் கொடுக்கட்டும். அயலவர் வரம்பு எல்லார்க்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பழைய கழகங்கள் இதற்கு எளிதில் இசையா என்பதை நாம் அறிவோம். பிறர்க்குக் கூடுதல் அயலவரைத் தருவதில் தம் கைப்பொருள் எதுவும் குறைவதில்லை. தம் வீரரை விட்டுத்தருவதில் குறைகின்றது. அயலவர் சலுகையைப் பற்றியே பேச்சு சுழல்வதன் மருமம் அதுவாக இருக்கலாம்.

சென்ற விடுமுறையில் இக்கருத்தை அப்பெரியவரிடமே எடுத்துரைத்தோம். வெளியூரார் இருவர் என்ற விதி அப்படியே நிற்கட்டும். பழைய நான்கு அணிகளும் தத்தம் மாற்று ஆட்டக்காரருள் ஒருவரைப் புதிய அணிக்கு ஓராண்டு விட்டுக்கொடுக்கட்டும் என்றோம். பெரியவர் நெடுநேரம் எண்ணிவிட்டு, அணித்தலைவர்களை அழைத்துக் கேட்டார். மூன்று அணிகள் இசைந்தன. நான்காவது அணியிடம் கேட்டது அதன் இரண்டாம் கோல்காப்பாளரை. அவர்கள் இன்னும் விடை கூறவில்லை.